சத்தியம் வாங்கியாகிவிட்டது, இனி அவரைப் பேச விடுங்கள்

நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி ஓடும் ஊர் ஒன்றிலிருந்து 38 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு 43 வயது. எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டியவர். நூல் விலையும் கரன்ட் பில்லும் ஏறி, கூலி இறங்கியதில் நாலு தறியை விற்றுவிட்டார். கடனில் கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் மகளிர் குழுவில், பெரும்பகுதி வாரவட்டியில். மூன்று மாதங்களுக்கு முன் தற்கொலைக்கு முயன்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். உறவுக்காரர்களிடம் ‘மஞ்சள் காமாலை’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவருகிறார்கள், அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடிக்கிறாராம்.

மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். வாய் உலர்கிறது, பகலெல்லாம் தூக்கம் என்று 12 நாளில் நிறுத்திவிட்டார். “அதைப் போட்டா மூளை மழுங்கிடும்” என்று அவருடைய அண்ணனும் சொல்லியிருக்கிறார். வீடு திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலில் கற்பூரம் ஏற்றி, 14 வயது மகளின் தலையில் கை வைக்கச் சொல்லி, “இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்” என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மாமியார் இரவில் அவர் அறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. வெளியே கிளம்பினால் மச்சினர் கூடவே போகிறார். அவரோ சரியாகச் சாப்பிடுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார், வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடிக்கிறார். போன வாரம், “நா இல்லைன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்றிருக்கிறார். அண்ணன் அதற்கும், “சொல்றவன் செய்ய மாட்டான்” என்று பதில் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணின் கேள்விகள் நான்கு. சத்தியத்தை மீறிவிடுவாரா? நாமாக அந்தப் பேச்சை எடுத்தால் தூண்டிவிட்டதாகுமா? மனநல மருத்துவரிடம் போனால் பழசெல்லாம் போலீஸ் கேஸாகி, அவரை ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்களா? குடியை நிறுத்த ஒருவர் கொடுத்த பொடியைக் காபியில் கலந்து கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அவர் சொன்னது வெறும் விரக்திப் பேச்சு அல்ல. உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் பலர் அதற்கு முன் யாரிடமாவது, ஏதாவது ஒரு வார்த்தையில் சொல்லித்தான் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை முயன்றவர், மருந்தை நிறுத்தியவர், தூக்கம் கெட்டவர், குடிக்கிறவர், கடன் கழுத்தை நெரிக்கிறவர். இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது காத்திருந்து பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள் அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, ஈரோடோ சேலமோ உங்களுக்கு வசதிப்பட்ட ஊரானாலும் சரி. அதற்குள், ‘இன்று ராத்திரியே’ என்கிற மாதிரி ஏதாவது பேசினாலோ, எதையாவது தயார் செய்வது தெரிந்தாலோ, தனியாக விடாமல் 108-ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மருத்துவமனையில் காரணத்தை மறைக்காதீர்கள். மஞ்சள் காமாலைக் கதை அங்கே வேண்டாம்.

சத்தியம் அவருக்கு என்ன செய்கிறது

அவர் அன்றைக்கு மனமறிந்துதான் சத்தியம் செய்தார் என்றே நினைக்கிறேன். மகள் தலையில் கை வைத்துவிட்டு யாரும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருவர் விரும்பி வரவழைப்பது அல்ல. மனச்சோர்வு தீராமல் இருக்கும்வரை அது தானாக வரும், போகும், மறுபடி வரும். அப்படி வரும்போது முன்பாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் என்ன ஆகும்? சாமி முன்னால் கொடுத்த வாக்கை மீறப்போகிறவன், பெற்ற மகளுக்கே கேடு நினைக்கிறவன் என்று ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொள்கிறார். கீழாநெல்லியைக் குடிப்பதுபோல எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாங்கிய சத்தியம் எண்ணத்தைத் தடுக்கவில்லை, அது உங்கள் காதுக்கு வரும் வழியைத்தான் அடைத்திருக்கிறது.

இதில் உங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மருத்துவர்களே ஒரு காலத்தில் ‘எனக்கு நானே தீங்கு செய்துகொள்ள மாட்டேன்’ என்று நோயாளியிடம் எழுதி வாங்கினார்கள். அப்படிக் கையெழுத்து வாங்குவது உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்று அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே ‘மீறுவாரா’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அவரைச் சத்தியத்திலிருந்து விடுவியுங்கள். தனியாக இருக்கும்போது, “அன்னைக்கு வாங்கின சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கிறேனுங்க. நெனப்பு வந்தா எங்கிட்டச் சொல்லுங்க, எனக்கு அது போதும்” என்று சொல்லலாம். சாமி விஷயம் என்று மனசு உறுத்தினால் அதே கோயிலுக்கு ஒரு முறை போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், பூசாரியிடம் விவரம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக ஒரு வாக்கு வேண்டுமானால், ‘மறைக்க மாட்டேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் பிள்ளையின் தலையில் வைத்துக் கேட்க வேண்டாம்.

மகளைப் பற்றி நீங்கள் தனியாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவள்தான். 14 வயதுப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்காது. கோயிலில் நடந்தது அவள் தலைமேலேயே நடந்தது. அப்பா உயிரோடு இருப்பது தன்னைப் பொறுத்தது என்று அவளுக்கு அன்று புரிந்திருக்கும். நாளைக்கு அவள் பரீட்சையில் மார்க் குறைந்தாலும், அப்பாவிடம் எதிர்த்துப் பேசிவிட்டாலும், ‘என்னால் ஏதாவது ஆகிவிடுமோ’ என்றுதான் நினைப்பாள். அவளை உட்காரவைத்து எளிமையாகச் சொல்லுங்கள்: “அப்பாவுக்கு மனசுல ஒரு வியாதி. அதனாலதான் அன்னைக்கு அப்படி நடந்துச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம். இதுக்கு நீ காரணம் இல்லை, அப்பாவைக் காவல் காக்கிறதும் உன் வேலை இல்லை. ஏதாவது பார்த்துப் பயமா இருந்தா உடனே எங்கிட்ட வந்து சொல்லு.” எப்படி முயன்றார் என்ற விவரமெல்லாம் அவளுக்குத் தேவையில்லை. கேள்வி கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

கேட்டால் தூண்டிவிட்டதாகுமா?

ஆகாது. இது ரொம்பப் பேருக்கு இருக்கும் பயம், புதிதாக வேலைக்கு வரும் மருத்துவர்களுக்கும் உண்டு. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டதால் அந்த எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. பேச ஆள் கிடைத்ததே பலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். மாமியாரும் மச்சினரும் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். குடித்திருக்கும்போதும் வேண்டாம். “தப்பா எதுவும் நெனைக்கலையே?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கேள்வியே அந்தப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறது. மூன்று மணிக்கு அவர் எழுந்து உட்காரும் நேரம் இருக்கிறதே, அதுவே நல்ல நேரம். பக்கத்தில் போய் உட்காருங்கள். “ஏனுங்க, நீங்க தூங்கியே பல நாளாச்சு. போன வாரம் நான் இல்லைன்னா நிம்மதின்னு சொன்னீங்க, அது என் மனசை விட்டுப் போகலை. செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களா?” என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

‘ஆமா’ என்றால் அழுகை வரும். அழுங்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். “புள்ளை மொகத்தைப் பார்த்தாவது”, “ஊர்ல யாருக்குக் கடன் இல்லை”, “இப்படிக் கோழையா இருக்கீங்களே” போன்றவை அன்றைக்கு வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் கிடப்பவருக்கு அது இன்னொரு சுமை. அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை: எப்போதெல்லாம் வருகிறது, வெறும் நினைப்பா அல்லது எப்படி என்றும் யோசித்துவிட்டாரா, எதையாவது எடுத்து வைத்திருக்கிறாரா, இப்போது இந்த நேரம் எப்படி இருக்கிறது. எண்ணம் மட்டும் என்றால் அந்த வாரத்துக்குள் மருத்துவர். வழியும் நேரமும் யோசித்துவிட்டார் என்றால் அன்றே, அப்போதே.

‘அதெல்லாம் இல்லை’ என்றால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். “இப்ப இல்லைன்னாலும் எப்ப வந்தாலும் சொல்லுங்க. நான் சத்தம் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு டீ போட்டுக் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் முறையே மனம் திறப்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் கவனித்து வையுங்கள். இத்தனை நாள் வாடிக் கிடந்தவர் மருந்தும் இல்லாமல், காரணமும் இல்லாமல் திடீரென்று அமைதியாகி, கணக்கு வழக்கை ஒப்படைப்பது, வண்டியை யாருக்காவது கொடுப்பது, எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் பேசுவது என்று தொடங்கினால் தேறிவிட்டார் என்று நிம்மதி அடையாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

காவலுக்குப் பதிலாக ஒரு காகிதம்

அவருக்குத் தெரியாமல் காவல் காப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குளியலறைத் தாழ்ப்பாள் காணாமல் போனது அந்த வீட்டில் குளிக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்! ஆபத்து அதிகமாக இருக்கும் நாட்களில் ஒருவர் கூட இருப்பது சரிதான், மருத்துவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் மாதக்கணக்கில், வாய் திறக்காமல், மாற்றி மாற்றிக் காவல் இருந்தால் உங்கள் மாமியாரின் உடம்பும் கெடும், உங்கள் கணவருக்கும் கைதியின் நிலைதான். செய்வதை அவரிடம் சொல்லிச் செய்யுங்கள். “மருந்து வேலை செய்யற வரைக்கும் அம்மா இங்கே படுத்துக்கட்டும்” என்றால் அவருக்கும் அதில் ஒரு பங்கு வந்துவிடும்.

காவலைவிட உறுதியாகப் பலன் தருவது, ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவது. தற்கொலை உந்துதல் அலையாக எழும்பும். பலருக்கு அதன் உச்சம் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தால் பிழைத்துக்கொள்கிறார்கள். ‘ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு’ என்று நாம் நினைப்பதுபோல எல்லோரும் அடுத்த வழியைத் தேடிப் போவதில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இரண்டு கிராமங்களில் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பூட்டுள்ள பொதுக் கிடங்கில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். கடனும் குடும்பச் சண்டையும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் அங்கே தற்கொலைகள் குறைந்தன. இலங்கையில் மிகக் கொடிய நச்சு மருந்துகளை 1990-களில் தடை செய்தார்கள். 1995-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டில் ஏறக்குறையப் பாதியானது. உங்கள் வீட்டிலும், சுற்றுக்கட்டு, தறிக் கொட்டகை, தோட்டம் எல்லாம் பார்த்து, சந்தேகமானது எதுவானாலும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது அந்தக் காகிதம். பாதுகாப்புத் திட்டம் என்று சொல்வோம். மருத்துவர் அல்லது ஆலோசகருடன் உட்கார்ந்து, அவரே தன் கையால் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு சத்தியமாகிவிடும். எண்ணம் வரப்போவதற்கு அடையாளம் என்ன, வந்தால் தானாகவே என்ன செய்து கடக்கலாம், எங்கே போனால் நாலு பேர் இருப்பார்கள், யாரிடம் மனம் விட்டுச் சொல்லலாம், எந்த மருத்துவர், எந்த எண், வீட்டில் எதை அகற்ற வேண்டும். இவ்வளவுதான். அவர் எழுதினால் இப்படி இருக்கலாம்: ‘வட்டிக்காரர் போன் வந்த நாள். தறி ஓடாமல் கொட்டகை அமைதியாக இருக்கும் நேரம். மூணு மணி முழிப்பு. – எழுந்து முகம் கழுவி, வீதி முக்கு வரை நடப்பது. – நாலு மணிக்குத் திறக்கும் டீக்கடை, ஷிப்ட் முடிந்து வரும் பசங்க இருப்பார்கள். – மனைவியை எழுப்புவது. அவள் கோபப்பட மாட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். – மனநல உதவி எண் 14416.’ சட்டைப் பையில் ஒன்று, போனில் படமாக ஒன்று. அமெரிக்காவில் தற்கொலை நெருக்கடியில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இப்படி எழுதவைத்து, பிறகு போனில் அழைத்து விசாரித்தும் வந்தார்கள். 2018-இல் வந்த அந்த ஆய்வில், அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தைகள் 45 விழுக்காடு குறைவாக இருந்தன.

போனில் விசாரிப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து ஊர்களில், முயன்று பிழைத்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், ஒன்றரை ஆண்டில் ஒன்பது முறை போன் அல்லது நேர்ச் சந்திப்பும். ஒன்றரை ஆண்டு முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு, இரண்டாவதில் 0.2. உங்கள் மச்சினர் நிழல்போலப் பின்னால் போவதற்குப் பதில், வாரம் ஒரு முறை அவரோடு உட்கார்ந்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் அது பெரிய உதவி.

மாத்திரையும் பொடியும்

அவரை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விடியலுக்கு முன் விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, தான் மற்றவர்களுக்குச் சுமை என்ற நினைப்பு என்று நீங்கள் எழுதியவை கடுமையான மனச்சோர்வைத்தான் காட்டுகின்றன. அதற்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வாய் உலர்வதும் தூக்கமும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். 12 நாளில் நிறுத்தியவருக்குத் தொல்லை முழுவதும் கிடைத்தது, பலன் கிடைக்கவில்லை. பாவு பிணைத்துவிட்டுத் தறியை ஓட்டாமல் விட்ட மாதிரி. மூளை மழுங்காது, பழக்க அடிமையாக்கவும் செய்யாது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்ற வேறு இருக்கிறது. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும், நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சிலருக்கு மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிடும். படபடப்பு கூடினால் உடனே சொல்லுங்கள்.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் கேளுங்கள். தற்கொலை முயற்சியையே மையமாக வைத்துப் பத்து அமர்வுகள் நடத்தியதில், மறுமுறை முயலும் ஆபத்து பாதியானதாக 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவர் ‘ஷாக்’ சிகிச்சை பற்றிப் பேசினால் சினிமாவில் பார்த்ததை வைத்து ஓடிவர வேண்டாம். இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், அப்படியில்லாமல் செய்யச் சட்டமே அனுமதிக்காது. உயிருக்கு ஆபத்தான மனச்சோர்வில் அது வேகமாகக் கைகொடுக்கும்.

‘மனநல டாக்டர்’ என்றால் வரமாட்டார் என்கிறீர்கள். தூக்கத்துக்காகப் போகலாம் என்று கூப்பிடுங்கள். அது பொய் அல்ல, மூன்று மணி விழிப்பு அவரையும் வதைக்கிறது. 2022-இல் நாட்டில் தற்கொலையால் இறந்ததாகப் பதிவான 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். உடம்புக்கு என்றால் வருவார்கள், மனசுக்கு என்றால் வரமாட்டார்கள். வாசல்படி தாண்டினால் போதும், மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அந்தப் பொடியைத் தூக்கி எறியுங்கள். உண்மையில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருக்காது. குடியோடு சேர்ந்தால் உடலை உலுக்கும் மருந்தாக இருந்தால், தெரியாமல் குடித்த அன்று கடும் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதைவிட, மனைவி கொடுத்த காபியில் எதையோ கலந்தாள் என்று தெரிந்த பிறகு அவர் உங்களிடம் எதைச் சொல்வார்? குடியும் இந்த எண்ணமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு, ஆகவே குடியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு, அவருடைய சம்மதத்தோடு.

போலீஸ், சட்டம், கடன்

முயற்சி செய்து மருத்துவமனைக்கு வந்தால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போடுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் கேட்பதும் உண்டு. அது நடைமுறை, வழக்கு அல்ல. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரின் பணியைத் தடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் குற்றம், உங்கள் கணவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவசரத்தில் எந்த மருத்துவமனையும் ‘போலீஸ் கேஸ், முதலில் புகார்’ என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது 1989 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது.

மூன்று மாதம் கழித்து வெளிநோயாளியாக மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதற்கும் காவல் நிலையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே சொல்வதை ரகசியமாகக் காப்பது சட்டப்படி கடமை. பெரும்பாலோர் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத்தான் வருகிறார்கள். சேர வேண்டும் என்றால் அவரே சம்மதித்துச் சேரலாம், அப்படிச் சேர்ந்தவர் பொதுவாகத் தானே கேட்டு வெளியேறலாம். அவர் மறுத்து, உயிருக்கு ஆபத்தும் இருந்தால், அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்து உறுதி செய்த பிறகு, முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். அதையும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவது அடியோடு தடை. அந்தப் பிரதிநிதி நீங்களாக இருக்கலாம் என்று அவர் இப்போதே எழுதிக் கொடுத்தால் பின்னால் குழப்பம் வராது.

கடன் என் துறை அல்ல, ஆனாலும் அதைத் தொடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது பாதி வேலை. தமிழ்நாட்டில் 2003 முதல் அநியாய வட்டி வசூலுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு நோட்டில் நீங்கள் எழுதுங்கள். வட்டிக்காரர் போன் கொஞ்ச நாளைக்கு அவரிடம் போகாமல் அண்ணன் எடுக்கட்டும். மாத்திரையைப் பற்றி அறிவுரை சொல்வதைவிட அவருக்கு அது பொருத்தமான வேலை.

உறவுக்கெல்லாம் உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்கு வெளியே, வாய் இறுக்கமான ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியட்டும், உங்களுக்காக. மூன்று மாதமாக நீங்களும் தூங்கவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குடும்பத்தாரும் அழைக்கலாம், எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்க்கவும் அவர்கள் உதவுவார்கள். அரசு மருத்துவ உதவி எண்ணான 104-இலும் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050.

மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெளிநோயாளிச் சீட்டு மதியத்துக்குள் முடிந்துவிடும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, நிறுத்திய மாத்திரையின் மீதி அட்டை, ஆதார், அவர் தூங்கும் நேரத்தைக் குறித்த ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் வெளியே வந்து உட்காருங்கள். பிறகு நீங்களும் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள், சத்தியம் வாங்கியதையும் போன வாரம் அவர் சொன்னதையும் அப்போது சொல்லிவிடுங்கள்.